மாடு எப்படிக் கத்தும்?

பெற்ற தாயை அவள் குழந்தையிடமே மாடு என்று அறிமுகம் செய்து வைத்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தத் தாய் என் மகள். குழந்தை என் பேத்தி. மாடு எதிர்வீட்டுக்காரம்மாவுடையது. வேண்டுமென்று செய்யவில்லை. யோசித்துச் செய்து, அது தவறிப் போயிருந்தால்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும். நான் சந்தோஷத்தில் செய்தேன். சந்தோஷம் வந்தால் என் மூளை லீவு போட்டுவிடும். கல்யாணத்தன்று மேடையில் உட்கார்ந்திருந்தபோதே அது தனக்குத் தெரிந்துவிட்டது என்று என் மனைவி சொல்வாள்.

நான் லோடு வண்டி ஓட்டுகிறவன். குட்டியானை என்று சொல்வார்களே, அந்தச் சின்ன வண்டி. மரக்காணம் உப்பளத்தில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்த் திண்டிவனத்திலும் பாண்டியிலும், சில நாள் கிளியனூர் கடைகளிலும் இறக்கிவிட்டு வருவேன். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் பாத்திகள் எல்லாம் ஒரே ஏரியாகிவிடும். குவித்து வைத்த உப்புக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு முதலாளிகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நானும் வண்டிக்கு ஒரு தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவேன். தை பிறக்கும்வரை எனக்கு இரண்டே வேலை. மழை பெய்தால் எப்போது நிற்கும் என்று கேட்பது. நின்றால் ஏன் நின்றது என்று கேட்பது.

போன மழைக்காலத்தில்தான் என் மகள் நீட்டி நீட்டி வாங்கியிருந்த பிரசவ லீவு முடிந்தது. பாண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற வேலை. காலையில் பஸ் பிடித்தால் இருட்டின பிறகுதான் வீடு. மருமகன் மெட்ராஸ் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். என் மனைவிக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. மூன்று மணி வரைக்கும் குழந்தையை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது நான் தொண்டையைக் கனைத்தேன்.

"நான் பாத்துக்கறேன்."

"நீங்களா?" என்றாள் மனைவி.

"ஏன், எனக்குத் தெரியாதா? இத வளத்தவன் நானில்லயா?" என்று மகளைக் காட்டினேன்.

"நீ எப்பப்பா வளத்த?" என்றாள் மகள். "நான் எழுந்துக்கறதுக்குள்ள லோடுக்குப் போயிடுவ. தூங்கனப்பறம் வருவ. உன்ன போட்டோவுலதான் பாத்துகினு இருந்தேன்."

அவளுக்கு வேறு வழியில்லை. குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, பஸ்ஸுக்குப் போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பத்து மாதக் குழந்தையோடு ஒரு ஆம்பளை பகல் முழுக்க என்ன பேசுவது? முதல் நாள் வண்டி டயர் ஏன் ஒரு பக்கமாகத் தேய்கிறது என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு கொட்டாவி விட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து "கா" என்றது. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நானும் "கா" என்றேன். குழந்தை என்னைப் பார்த்தது. காக்காவைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது. அப்புறம் வயிறு குலுங்க ஒரு சிரிப்புச் சிரித்தது பாருங்கள்! உப்பளத்தில் லோடு ஏற்றும் ஆட்களுக்கு நான் வருஷக்கணக்காக ஜோக் சொல்லி வருகிறேன். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சிரிக்க முடியாது என்று காரணம் சொல்லித் தப்பித்துவிடுவார்கள். ஒரே எழுத்துக்கு இப்படிச் சிரிக்கிற ஆளை விட்டுவிட மனம் வருமா?

அன்றைக்கே தொழில் தொடங்கிவிட்டேன். ஆடு என்றால் "மே" என்று சொல்லித் தலையால் தலையை முட்டுவது. நாய் என்றால் நாலு காலில் நின்று குரைத்து, வால் இல்லாத குறைக்கு இடுப்பை ஆட்டுவது. இரண்டு நாள் ஆட்டியதில் இடுப்பு பிடித்துக்கொண்டு, மூன்றாம் நாள் நாய் படுத்தபடியே குரைத்தது. நண்டு என்றால் விரல்களைப் பாயில் பக்கவாட்டில் ஓடவிட்டுக் குழந்தையின் வயிற்றில் ஏற்றுவது. நண்டு என்ன சத்தம் போடும் என்று எனக்குத் தெரியவில்லை. கடலுக்குப் போகிற ஒரு பங்காளியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "காலையிலயே போட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

மீனுக்குச் சத்தமே வேண்டாம். வாயைக் குவித்துத் திறந்து மூடினால் போதும். பால் குடித்து முடித்து, வாயோரம் வெள்ளையாக ஒழுக, சத்தமில்லாமல் அது மீனாகி என்னைப் பார்க்கும். நானும் மீனாவேன். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். வீட்டுக்குள் இரண்டு மீன்கள் எதிரெதிரே உட்கார்ந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருப்போம். அந்த நேரத்தில் யாராவது வந்து லாட்டரி விழுந்தது என்று சொல்லியிருந்தாலும் அப்புறம் வா என்றுதான் சொல்லியிருப்பேன்.

பல்லி கத்தினால் விரலால் தரையைத் தட்டுவோமே, அதையும் கற்றுக்கொண்டது. தண்ணீர் நின்ற பாத்திகளில் பூநாரை வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு ஒற்றைக் காலில் நின்று காட்டினேன். அரிசி டிரம்மோடு விழுந்தேன். பறவை என்றால் விழும் என்று குழந்தை புரிந்துகொண்டது. பூநாரை என்று சொன்னாலே தொப்பென்று பக்கவாட்டில் சாயும். யானை விஷயத்திலும் எனக்குக் கொஞ்சம் வழுக்கல்தான். வாசலில் நிற்கிற என் வண்டியைக் காட்டி "குட்டியானை, குட்டியானை" என்று கொஞ்சியதில், யானை என்றால் ரிவர்ஸ் எடுக்கும்போது மியூசிக் வாசிக்கிற மிருகம் என்று அதன் மனதில் பதிந்துபோனது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். இல்லை, அதையும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

மாட்டுக்கு வருகிறேன்.

மகள் வேலைக்குப் போகும்முன் போனில் ஒரு குழந்தை வீடியோ போட்டுக் கொடுத்திருந்தாள். சாப்பிட அடம் பிடித்தால் காட்டச் சொல்லி. அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பொம்மை மாடு வந்து "மூ" என்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எதிர்வீட்டு மாடு முளைக்குச்சியில் நின்று நாள் முழுக்கக் கத்துகிறது. ஒருநாளாவது அது "மூ" என்றதுண்டா? நம் ஊர் மாடு "அம்மா" என்றுதானே கத்தும்? நானிருக்கும்போது என் பேத்தி வெளியூர் மாட்டைக் கற்றுக்கொள்வதா? போனை அணைத்துவிட்டுக் குழந்தையை ஜன்னலில் உட்கார வைத்தேன். இரண்டு ஆள்காட்டி விரலையும் தலையில் கொம்பாக வைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து "ம்ம்ம்மாஆஆ" என்றேன். எதிரே மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. பிறகு அதுவும் பதில் சொன்னது.

குழந்தைக்குத் தலை உச்சிவரைக்கும் கை எட்டாது. ஒரு விரல் காதுக்கும் இன்னொரு விரல் கன்னத்துக்கும் போனது. ஒரு வாரம் ஊமை மாடாகவே இருந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில், நான் அதற்கு இட்லி ஊட்டிக்கொண்டிருக்கும்போது, கொம்பு இரண்டையும் காதில் வைத்துக்கொண்டு, வாயில் இட்லியோடு, மணிமணியாகச் சொன்னது.

"ம்மா."

மூளை லீவு என்று சொன்னேனே, அது இந்த நேரம்தான். இன்னொரு தடவை சொல்ல வைத்துப் போனில் வீடியோ எடுத்தேன். உடனே மகளுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி எழுதியிருக்கலாம், மாடு என்று. எழுதவில்லை. வீடியோவில் குழந்தையின் முகம் மட்டும்தான் இருந்தது. கொம்பு, காதைச் சொறிகிற மாதிரித்தான் இருந்தது.

மத்தியானம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள். பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. முகமெல்லாம் பல்.

"லேப்ல எல்லாருக்கும் காட்டிட்டேம்ப்பா. டாக்டருக்குக்கூடக் காட்டிட்டேன். எல்லாரும் ட்ரீட் குடுன்னு ஒரே கலாட்டா."

அப்போதும் எனக்கு எதற்கு என்று புரியவில்லை. பரவாயில்லையே, ஆஸ்பத்திரிக்காரர்கள் மாட்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். அவள் அவசரமாகக் கையைக் கழுவிவிட்டு வந்து குழந்தைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என் மனைவியும் வேலை முடிந்து வந்து சேர்ந்தாள்.

"எங்க, சொல்லு. எங் குட்டி சொல்லு. அம்மா... அம்மா..."

குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. பிறகு கழுத்தைத் திருப்பி ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தது. காதில் விரலை வைத்தது.

"ம்மாஆ."

சொல்லிவிட்டு, பாடம் முழுசாக முடியவேண்டும் என்று, மகளின் தோளில் ஒரு முட்டும் முட்டியது.

"பாத்தியா!" என்று நான் கையைத் தட்டினேன். "எவ்ளோ கரெக்டா மாட்ட காட்டுது பாரு!"

என் மனைவி சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டாள். எனக்கு அவள் நிறுத்திய பிறகுதான் உறைத்தது.

"ஓ," என்றாள் மகள். "மாடா."

பிறகு குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த காலை இட்லித் துணுக்கை எடுத்துப் போட்டாள். மைசூர்பாகு டப்பாவைத் திறந்து எனக்கு ஒன்று கொடுத்தாள். அன்றைக்கு அந்த மைசூர்பாகைப் போலத் தொண்டையில் சிக்கிய பொருள் வேறு எதுவும் என் வாழ்க்கையில் இல்லை.

அதுவரை தினமும் வீட்டுக்கு வந்ததும் "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று குழந்தையைக் கெஞ்சுவாள். அன்றிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்காமல் இருந்தது வீடு முழுக்கக் கேட்டது.

இரண்டு மூன்று நாள் கழித்துச் சமையல்கட்டில் அவள் தன் அம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது.

"வாரத்துல ஒரு நாள் வர்ற மனுசன 'ப்பா'ங்குது. உன்ன 'யா'ங்குது. அப்பாவ 'தா'ங்குது. காக்காவுக்கு ஒரு பேரு, ஆட்டுக்கு ஒரு பேரு. நான் யாரும்மா அதுக்கு? தூங்கற நேரத்துக்கு வந்து பால் குடுக்கற ஆளு."

"பைத்தியம் மாதிரி பேசாத. கொழந்தைக்கு இன்னா தெரியும்?"

"அதான் சொல்றேன். கொழந்தைக்குத் தெரியல. வேலைய உட்றலாமான்னு இருக்குது."

"பர்மனென்ட் ஆவற நேரத்துல உடுவியா?"

"ஆயி இன்னா பண்றது?"

அந்த வேலைக்காக அவள் படித்ததும், நேர்முகத்துக்கு அலைந்ததும், கல்யாணம் பேசும்போதே வேலையை விடமாட்டேன் என்று மாப்பிள்ளை வீட்டில் கறாராகச் சொன்னதும் எனக்குத் தெரியும். இப்போது ஒரு மாட்டினால் அதை விடப் போகிறாள். மாடுகூடப் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

சொல்லிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். மறுநாள் காலையில் குழந்தையை ஜன்னலில் வைத்து, மானத்தை விழுங்கிக்கொண்டு, மாட்டைக் காட்டி "மூ" என்றேன். குழந்தை என் வாயையே பார்த்தது. பிறகு பொறுமையாக விரலைக் காதில் வைத்து "ம்மா" என்று எனக்குத் திருத்திச் சொன்னது. நான் "மூ" என்றேன். அது "ம்மா" என்றது. மாடும் அதன் கட்சிதான். போனில் மகளின் போட்டோவை எடுத்துக் காட்டி "இதான் அம்மா" என்றேன். போட்டோவைப் பார்த்துக் கொம்பு வைத்தது. இதற்குமேல் முயற்சி செய்தால் இன்னும் மோசமாகும் என்று போனை மூடிவிட்டேன்.

அன்று மத்தியானம் அது தூங்கினபிறகு பக்கத்தில் படுத்துக்கொண்டு யோசித்தேன். குழந்தைக்கு நான் எதையும் வெறும் பேராகச் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு ஆட்டம் உண்டு. ஆடு முட்டும், மீன் வாயைத் திறக்கும், நண்டு ஓடும். அம்மாவுக்கு மட்டும் ஆட்டம் இல்லை. இருந்த ஒரு பேரையும் மாட்டுக்குக் கொடுத்துவிட்டேன். சரி, அம்மா எப்படி நடப்பாள், எப்படி வருவாள் என்று ஆடிக் காட்டலாம் என்று எழுந்து நின்றேன். நின்றபடியே நின்றேன். காக்கா எப்படித் தத்தும் என்று தெரிந்த எனக்கு, என் மகள் எப்படி நடப்பாள் என்று தெரியவில்லை.

அதனால் சாயங்காலம் ஈசிஆர் ரோட்டுக்குப் போனேன். டீக்கடைக் கூரைக்கு உள்ளே தள்ளி நின்றேன். தூறல். பாண்டி பஸ் வந்தது. பின்படியில் பையை முன்பக்கமாக அணைத்துக்கொண்டு அவள் இறங்கினாள். இறங்கியதும் வலது காலை ஒரு உதறு உதறினாள், செருப்பு வாரில் மண் புகுந்திருக்க வேண்டும். ஷாலைத் தலையில் போட்டுக்கொண்டு, தேங்கின தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்தாள். நான் தூரத்தில் பின்னாலேயே போனேன். என் மகளையே திருடன் மாதிரித் தொடர்ந்து போனதும் என் சாதனைகளில் ஒன்று. எங்கள் தெரு முனை வந்ததும் அவள் நின்றாள். கரண்ட் கம்பத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றாள். பிறகு ஷாலால் முகத்தைத் துடைத்து, ஒரு சிரிப்பைச் சரிசெய்துகொண்டு, வேகமாக நடந்தாள். வாசலுக்கு வரும்முன்பே குரல் கொடுத்தாள்.

"எங்க எங் குட்டி? எங்க எங் குட்டி?"

வாசல் குழாயில் கை கழுவினாள். லேபிலிருந்து வருகிறவள் இல்லையா, கையைக் கழுவாமல் குழந்தையைத் தொடமாட்டாள். சோப்பு போட்டு, இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்று தேய் தேய் என்று தேய்த்து, உதறிவிட்டு, ஈரக்கையை நீட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். குழந்தை ஏற்கெனவே தூங்கிவிட்டிருந்தது. அதன் கழுத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் நான் என் மகளானேன். அவளுடைய பழைய ஷாலைப் போட்டுக்கொண்டு, கட்டைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே போய் நின்று, காலை ஒரு உதறு உதறி, மெல்லிய குரலில் "எங்க எங் குட்டி?" என்று கூவிக்கொண்டு வந்தேன். கம்பத்தைப் பிடித்து நின்றதை மட்டும் விட்டுவிட்டேன். அதை நடிக்க எனக்கு வரவில்லை. குழாயில் கையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுக்காரம்மா பால் சொம்போடு வெளியே வந்தார்.

"இன்னாண்ணா இது கோலம்?"

"எம் பொண்ணா நடிக்கிறேன்."

"யாருக்கு?"

"அவ பொண்ணுக்கு."

அவர் என்னையும் ஷாலையும் மாறி மாறிப் பார்த்தார். "உப்பு வேல எப்பண்ணா ஆரம்பிப்பாங்க?"

"தைக்கு மேல."

"சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து பால் கொடுக்க அவர் வீட்டுக்காரரை அனுப்பினார்.

மார்கழி முழுக்க இதுதான் எங்கள் விளையாட்டு. "அம்மா எப்படி வருவா?" என்று கேட்பேன். முதலில் கொம்புதான் வந்தது. நான் கொம்பைக் கண்டுகொள்ளாமல் கையைத் தேய்ப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கை இறங்கியது. காதிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து நெஞ்சு. ஒரு நாள் இரண்டு பிஞ்சுக் கையும் ஒன்றையொன்று கண்டுபிடித்துத் தேய்த்துக்கொண்டன. ஆனால் சத்தம் வரவில்லை. சத்தம் மாட்டோடுதான் இருந்தது. நான் இந்த முறை வீடியோ எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மகள் வேலையை விடுகிற பேச்சு நடந்துகொண்டேயிருந்தது. பொங்கல் முடிந்ததும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று மருமகனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் பாத்தியில் தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டது. வண்டிமேல் போட்ட தார்ப்பாயை எடுக்கிற நாள் வந்துகொண்டிருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம், மழை சுத்தமாக விட்ட ஒரு சாயங்காலம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். எப்போதும் அது தூங்கிப்போகிற நேரம். தூங்காமல் இருக்க வழியெல்லாம் ஆடாகவும் நாயாகவும் நானே மாறிக்கொண்டு போனேன். கூனிமேட்டுப் பக்கமிருந்து வந்த பைக்குகள் எல்லாம் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயின.

பஸ் வந்தது. பின்படியில் அவள் இறங்கினாள். காலை உதறினாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"இன்னாப்பா? இன்னா ஆச்சு? காச்சலா?"

"ஒண்ணுமில்ல. சும்மா இட்டுனு வந்தேன்."

குழந்தை என் தோளிலிருந்து அவளையே பார்த்தது. வீட்டுக்குள் குண்டு பல்ப் வெளிச்சத்தில் பாதித் தூக்கத்தில் பார்த்த முகம், டீக்கடை டியூப் லைட்டின் நல்ல வெளிச்சத்தில், ரோட்டில். பிறகு இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தது. மறுபடியும் தேய்த்தது.

"இன்னா பண்ணுது? குளுருதா அதுக்கு?"

"இல்ல," என்றேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "அது நீ."

"நானா?"

"நீ வீட்டுக்கு வந்தா கை கழுவுவ இல்ல? அதான். அது... நீ வர்ற."

அவள் குழந்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். தன் கைகளையும் சேர்த்துத் தேய்த்தாள், தண்ணீர் இல்லாமல், நடு ரோட்டோரத்தில். குழந்தை கிளுக்கென்று சிரித்து என் தோளிலிருந்து அவள்மேல் பாய்ந்தது. நான் பிடிப்பதற்குள் அவள் பிடித்துவிட்டாள். அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு அது சொன்னது.

"ம்மா."

மகள் கண்ணை மூடிக்கொண்டு குழந்தையை இறுக்கிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் தெரிந்தது. அவளுக்கு நேர் பின்னால், டீக்கடை வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு, ஒரு மாடு நின்றது. ரோட்டில் திரிகிற வெள்ளை மாடு. குழந்தை பார்த்த திசையில்தான் நின்றது.

நான் வாயைத் திறக்கவில்லை. வீடு வரைக்கும் அவள் குழந்தையை இறக்கவில்லை. தெரு முனைக் கம்பத்தில் நிற்கவுமில்லை. அன்று ராத்திரி மருமகனிடம் போனில் "என்னப் பாத்து அம்மான்னு சொல்லிடுச்சு" என்று அவள் சொல்வதைக் கேட்டு, நான் எழுந்து போய் வண்டி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை விடுகிற பேச்சு அதோடு நின்றது. பொங்கலுக்கு அப்புறம் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆனால் அந்த வெள்ளை மாடு என் மனதில் முளைக்குச்சி அடித்து நின்றுவிட்டது. மகள் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு முறை மைசூர்பாகு வாங்கி வந்தவள். இந்த முறை வாழ்க்கையையே அதை நம்பி முடிவு பண்ணிவிட்டாள். நாளைக்கு யாராவது அந்த இடத்தில் மாடு நின்றதைச் சொல்லிவிட்டால்? டீக்கடைக்காரர் சொல்லிவிட்டால்? நான் அந்தப் பக்கம் டீ குடிப்பதையே விட்டுவிட்டேன்.

உப்பு வேலை ஆரம்பித்த பிறகு, மனைவி வந்து குழந்தையை வாங்கிக்கொள்ளும் மூன்று மணிக்கு மேல்தான் லோடுக்குக் கிளம்புவேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் லீவு, மனைவி வீட்டில் குழந்தையோடு இருந்தாள். மகள் பஸ்ஸை விட்டுவிட்டதால் பாண்டி லோடுக்குப் போன என் வண்டியிலேயே முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பொம்மையார்பாளையம் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல," என்றேன், "பாப்பா உன்ன கூப்டுச்சு இல்ல..."

"ம்."

"உனக்குப் பின்னாடி ஒரு மாடு நின்னுகினு இருந்துச்சு."

சொல்லிவிட்டு ரோட்டையே பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"தெரியும். கீழ வெச்ச சோத்துப் பையில மூஞ்ச உட்டுகினு இருந்துச்சு. நான்தான் காலால தள்ளி உட்டேன்."

"இல்ல, பாப்பா ஒருவேள அதப் பாத்து..."

"அப்பா, மாடுன்னா அதோட கை காதுக்குப் போவும். அன்னிக்கு ரெண்டு கையும் எங் கழுத்துல இருந்துச்சு. யாரக் கூப்டுச்சுன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியலன்னா வாய மூடிகினு வண்டிய ஓட்டு."